மரங்கொத்தி இறகுன்னு நான் எழுதி வச்சது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்தபோது நெய்வேலி டவுன்ஷிப்பிலும் நிறைய மரங்கள் சாய்ந்தன. பட்ட மரமும் பழைய கிளையும் இல்லாம மரங்கொத்தி எங்கே பொந்து குடையும்? எங்க வட்டத்துல பொன்முதுகு மரங்கொத்தி இன்னும் இருக்கா என்று தெரிந்துகொள்ள ஒரு வேலை செய்தேன். காலை நடையில் கீழே கிடக்கும் இறகுகளைப் படமெடுத்து நோட்டில் குறித்தேன். கறுப்பில் வெள்ளை தெரிந்தால் மரங்கொத்தி. மூணு வருஷம் கழித்து, "குறையவே இல்லை"ன்னு நண்பர்களிடம் அடிச்சுச் சொன்னேன்.

போன மாதம் அந்தப் படங்களைத் திரும்பப் பார்த்தேன். பாதிக்கு மேல் கொண்டலாத்தி இறகு!

எப்படித் தப்பு வந்தது? இந்த மரங்கொத்தியின் முதன்மைச் சிறகு இறகு கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். தண்டின் இரு பக்கமும் புள்ளிகள் தனித்தனியாக நிற்கும். கொண்டலாத்தியிலோ வெள்ளை பட்டையாக, தண்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். முதன்மை இறகில் நுனிக்குச் சற்று உள்ளே ஒரு பட்டை, உள் சிறகு இறகுகளில் பல. நான் நிறத்தைத்தான் பார்த்தேன், வடிவத்தைப் பார்க்கவே இல்லை. சிறகின் உள்பகுதி இறகு கிடைத்தால் குழப்பமே வராது: மரங்கொத்திக்கு அதன் வெளிப்பக்கம் மஞ்சள் பூசியது மாதிரி இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வால் இறகு. முழுக் கறுப்பு. நடு இறகுகளின் தண்டை வளைத்துப் பாருங்க, கம்பி மாதிரி விறைப்பா இருக்கும், நுனி கூர்மை. மரத்தில் ஏறும்போது வாலை ஊன்றி நிற்கிற பறவையாச்சே. அதனால்தான் இறகு உதிர்க்கும்போதுகூட நடு ஜோடியைக் கடைசிவரை விடாது. பக்கத்து இறகுகள் புதுசா வளர்ந்து தாங்கும் நிலைக்கு வந்த பிறகே அது விழும். கொண்டலாத்தியின் வால் இறகு மெத்து மெத்தென்று, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையோடு இருக்கும். தரையில் மேயுற பறவைக்கு ஊன்றுகோல் எதுக்கு?

நிறத்தை நம்பக்கூடாது என்பதற்குப் பனங்காடையும் சாட்சி. அதன் நீல இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் போய் மங்கிய பழுப்பு தெரியும். அந்த நீலம் சாயமில்லை, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. மரங்கொத்தியின் மஞ்சள் அப்படியல்ல, தீனியிலிருந்து கிடைக்கிற நிறமி.

(பார்த்த இறகை அங்கேயே விட்டுடுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, படம் போதும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்க.)

கொண்டலாத்திக்கு வெட்டவெளியும் புல்தரையும் பிடிக்கும். மரம் விழுந்த இடமெல்லாம் அதுக்குத் தோதாத்தான் ஆகியிருக்கும். நோட்டில் கடைசி வருடத்தை மட்டும் திருத்தி எண்ணினேன். சந்தேகமில்லாத மரங்கொத்தி இறகு இரண்டுதான், இரண்டுமே ஒரே தூங்குமூஞ்சி மரத்தடியில். நண்பர்களுக்கு நேத்து ராத்திரி எழுதிட்டேன்.