பாலம் கொட்டகையில் ஒரு துணி இறக்கை

தில்லியில் பாலம் என்றொரு இடம். நம் காதுக்கு ஆற்றுப் பாலம் போலக் கேட்கும். உண்மையில் அது ஒரு பழைய கிராமத்தின் பெயர். அங்கே இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு எத்தனை முறை போனாலும் நான் முதலில் போய் நிற்பது வெஸ்ட்லாண்ட் வாபிட்டியின் முன்னால்தான். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் இந்திய விமானப்படையின் முதல் பிரிவு இந்த ரகத்தில் நான்கே விமானங்களோடு தொடங்கியது. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, இரண்டுக்கும் நடுவே ஊன்றிய கால்கள், மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிய கம்பிகள். இறக்கையின் சட்டத்தின் மேல் போர்த்தியிருப்பது துணி.

அதே பாலம் மண்ணில், இந்திரா காந்தி விமான நிலையத்தில், இன்று ஏர் இந்தியாவின் ஏ350 நிற்கிறது. ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 64.75 மீட்டர் இறக்கை. காலும் இல்லை, கம்பியும் இல்லை. இறக்கையின் பெரும்பகுதி கார்பன் இழையால் ஆனது.

இரண்டையும் ஒரு கணக்கால் ஒப்பிடலாம். வாபிட்டியின் இறக்கைப் பரப்பு சுமார் 43 சதுர மீட்டர். ஏற்றிய எடை ஏறக்குறைய இரண்டரை டன். அதாவது ஒரு சதுர மீட்டர் இறக்கை ஓர் ஆளின் எடையைக்கூட முழுதாகத் தூக்கவில்லை. ஐம்பத்தைந்து, அறுபது கிலோதான். ஏ350 சுமார் 280 டன் எடையோடு கிளம்பக்கூடியது. இறக்கைப் பரப்பு சுமார் 440 சதுர மீட்டர். அங்கே ஒரு சதுர மீட்டரின் பங்கு அறுநூறு கிலோவைத் தாண்டுகிறது. தொண்ணூறு ஆண்டுகளில் பத்து மடங்கு.

காற்றின் விதி மட்டும் மாறவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பழைய தில்லி மொட்டை மாடிகளில் ஏறும் பட்டங்களுக்கும் அதே விதிதான். சாய்ந்து நிற்கும் பரப்பு, எதிரே வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. கீழே தள்ளப்பட்ட காற்று பரப்பை மேலே தள்ளுகிறது. விமான இறக்கை இதை இன்னும் திறமையாகச் செய்கிறது: அதன் வளைந்த முதுகை ஒட்டிக் காற்று வேகமாக வழிந்து கீழிறங்க, மேலே அழுத்தம் குறைகிறது, அடியில் கூடுதலாக இருக்கிறது. மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதற்காக அது விரைகிறது என்று சில பாடநூல்கள் சொல்லிவந்தன. அது தவறு. இரண்டும் சேர்ந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மேல்காற்று முந்தியே போய்விடுகிறது. இந்தப் பிழையை இனியாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் அன்று ஏன் இரண்டு இறக்கை? அந்தக் கால இறக்கைகள் மெல்லியவை. நீளமாகச் செய்தால் ஒடிந்துவிடும். அதனால் இரண்டைக் குட்டையாகச் செய்து, கால்களாலும் கம்பிகளாலும் பிணைத்து, இரும்புப் பாலத்தின் சட்டம் போல உறுதியாக்கினார்கள். அதற்கு விலை உண்டு. ஒவ்வொரு கம்பியும் காற்றைக் கிழித்துக்கொண்டு பின்னால் இழுக்கும். வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடும். தூக்கும் விசையோ வேகத்தின் வர்க்கத்தில் கூடுவது: வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கம்பியைக் கழற்றாமல் வேகம் கிடைக்காது. இறக்கையைத் தடித்த உலோகப் பெட்டியாக, தன்னைத் தானே தாங்குவதாகக் கட்டிய பிறகே கம்பியைக் கழற்ற முடிந்தது. அந்தப் பெட்டியின் உள்ளே கிடைத்த இடத்தில்தான் இன்று எரிபொருளின் பெரும்பகுதி இருக்கிறது. அதன் எடை, இறக்கை மேல்நோக்கி வளைவதைக் குறைக்கவும் உதவுகிறது.

இந்த மாற்றத்தின் நடுப்படியும் அதே அருங்காட்சியகக் கொட்டகையில் இருக்கிறது. வாபிட்டியைச் செய்த அதே வெஸ்ட்லாண்ட், 1936இல் பறக்கவிட்ட லைசாண்டர். ஒற்றை இறக்கை, இன்னும் முட்டுக் கொடுத்த கால்கள் உண்டு. ஆனால் இறக்கையின் முன் விளிம்பில் ஸ்லாட், பின் விளிம்பில் ஃப்ளாப். வேகம் குறைந்தால் ஸ்லாட் தானாகவே முன்னே நீளும், ஃப்ளாப் கீழே தாழும். இறக்கையின் வளைவு கூடும். மெதுவாகப் போனாலும் விழாது. சிறு வயலில்கூட அது இறங்கிற்று. என் கணக்கில், துணி போய் உலோகம் வந்ததைவிடப் பெரிய மாற்றம் இதுதான். இறக்கை தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளக் கற்றதை இங்கே பார்க்கலாம்.

தில்லி–குருகிராம் நெடுஞ்சாலை ஓரத்துச் சிவன் சிலை அருகே நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஓடுதளத்துக்குத் தாழ்ந்து வரும் விமானங்களின் இறக்கை பின்பக்கம் அடுக்கடுக்காக விரிந்திருக்கும். மேலே தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற இறக்கை, இங்கே இருநூற்றைம்பதில் விழாமல் வருவது அந்த விரிப்பால்தான். தரை தொட்டதும் இறக்கையின் முதுகில் பலகைகள் எழும்; அவை ஸ்பாய்லர்கள், தூக்கும் விசையைக் கெடுத்து எடையைச் சக்கரத்தின் மேல் இறக்குபவை. நுனிப் பக்கம் ஏறி இறங்கும் ஏலெரான் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். வாலில் நிற்கும் ரடர் மூக்கை இடம் வலம் திருப்பும். படுத்திருக்கும் எலிவேட்டர் அதை மேலும் கீழும் ஆட்டும். இந்த மூன்றும் வாபிட்டியிலும் இருந்தவைதான். அன்று விமானியின் கையும் காலும் கம்பி வழியே அவற்றை இழுத்தன. இன்று ஏ350இல் மின்சமிக்ஞை போகிறது.

நுனியையும் பாருங்கள். அடியிலுள்ள அழுத்தக் காற்று நுனியைச் சுற்றி மேலே சுழன்று ஏறி, விமானத்தைப் பின்னிழுக்கும். அதைக் குறைக்கத்தான் இண்டிகோவின் ஏ320 நியோ இறக்கை நுனிகள் 2.4 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்திருக்கின்றன. தில்லி வானத்தில் வட்டமிடும் பருந்துகள் நுனி இறகுகளை விரல்களாகப் பிரித்து வைத்திருப்பதும் இதே காரியத்துக்குத்தான்.

ஒன்று அன்றுபோலவே இன்றும் இருக்கிறது: தில்லியின் வெயில். 45 டிகிரிச் சூட்டில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்குப் பிடிமானம் குறைய, ஓட வேண்டிய தூரம் கூடுகிறது. கார்பன் இழை வந்தும் மே மாதத்து நண்பகல் தன் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த முறை தில்லியிலிருந்து சென்னைக்கு வரும்போது இறக்கைக்குச் சற்றுப் பின்னால் சன்னலோர இருக்கை கேட்டு வாங்குங்கள். கிளம்பும் நாளுக்கு முன் பாதி நாள் ஒதுக்கி, வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாலம் கொட்டகைக்கும் போய் வாருங்கள். ஐந்நூறுக்கும் மேல் கட்டப்பட்ட வாபிட்டிகளில் இன்று உலகில் முழுமையாக மிஞ்சியிருப்பது அங்கே நிற்கும் அந்த ஒன்றுதான்.