நேர்மையும் நினைவும்: கண்கண்ட சாட்சியம் பற்றி ஒரு குறிப்பு

“என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், நம்மவர்களுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. பொய்ச்சாட்சி பெரும்பாவம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், பொய்யே சொல்லாத ஒருவரின் சாட்சியமும் அப்பாவியைச் சிறைக்கு அனுப்பக்கூடும். இதற்கு லண்டனில் நடந்த அடொல்ப் பெக் வழக்கை உதாரணமாகச் சொல்வேன்.

நோர்வேயில் பிறந்த பெக்கை 1895 டிசம்பரில் ஒரு பெண் தெருவில் மறித்தார். தன்னை ஏமாற்றி நகைகளைக் கொண்டுபோனவர் இவர்தான் என்றார். அதேபோல் ஏமாந்த வேறு பெண்களையும் பொலிஸார் அழைத்தனர். தெருவில் போனவர்களைச் சேர்த்து நிறுத்திய அடையாள அணிவகுப்பில், நரைத்த தலையும் மீசையும் உள்ளவர் பெக் மட்டும்தான். பெண்கள் அடுத்தடுத்து அவரையே காட்டினர். 1877 இல் இதே விதமான மோசடிக்குத் தண்டனை பெற்ற ஜோன் ஸ்மித் என்பவரும் இவரே என்று ஒரு முன்னாள் பொலிஸ்காரர் அடித்துச் சொன்னார். அக்காலத்தில் தான் தென்னமெரிக்காவில் இருந்ததை நிரூபிக்க பெக் முயன்றார். நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. 1896 இல் அவருக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

1898 இல் ஒரு விஷயம் வெளிவந்தது. பழைய சிறைப் பதிவின்படி ஸ்மித் கத்னா செய்யப்பட்டவர், பெக் செய்யப்படாதவர். இருவரும் ஒருவராக இருக்கவே முடியாது. அப்படியிருந்தும் தீர்ப்பு அசையவில்லை. 1901 இல் விடுதலையான பெக், 1904 இல் அதே குற்றச்சாட்டில் மறுபடியும் பிடிபட்டு, மறுபடியும் அடையாளம் காட்டப்பட்டு, மறுபடியும் குற்றவாளியானார். தண்டனை விதிக்கப்படுமுன் உண்மையான மோசடிக்காரர் அகப்பட்டதால்தான் தப்பினார். 5,000 பவுண் நட்டஈடு கிடைத்தது. இங்கிலாந்தில் 1907 இல் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டமாவதற்கு இவ்வழக்கும் ஒரு முக்கிய காரணம்.

அந்தப் பெண்கள் வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. நினைவு என்பது படம் பிடித்து வைத்ததல்ல. பதற்றம், கடந்துபோன காலம், பிறர் பேச்சு எல்லாம் அதில் கலந்துவிடும். அணிவகுப்பில் ‘கிட்டத்தட்ட அவரைப் போல’ இருப்பவரைக் காட்டியதும், பழைய முகத்தின் இடத்தில் இந்த முகம் வந்து குந்திக்கொள்ளும். பிறகு மன்றில் தடுமாற்றமே இருக்காது. ஆகவே, சாட்சியின் உறுதியைச் சாட்சியத்தின் சரிக்கு அளவுகோலாக எடுக்க முடியாது. ஒரே பிழையான அணிவகுப்பைப் பத்துப் பேருக்குக் காட்டினால், கிடைப்பது பத்துத் தனித்தனிச் சான்றுகள் அல்ல.

நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தார்கள். அறிவிப்பாளரிடம் ‘அதாலத்’ எனும் நேர்மையோடு, ‘ளப்த்’ எனும் நினைவுத் துல்லியத்தையும் தனியாகச் சோதித்தார்கள். நல்ல மனிதர், ஆனால் மனனம் பலவீனம் என்று சிலரின் அறிவிப்புகளை ஒதுக்கினார்கள். அதனால் அவர்களைப் பொய்யர் என்று சொன்னதாகாது.

நம் நாட்டில் அடையாள அணிவகுப்பு நீதவான் முன்னிலையில் நடக்கிறது. மற்றவர்களும் சந்தேகநபரைப் போன்ற தோற்றமுள்ளவர்களா? சாட்சி அவரையோ அவரது படத்தையோ முன்பே பார்த்தாரா? சம்பவ நேரத்தில் வெளிச்சம் எவ்வளவு, தூரம் எவ்வளவு? இவற்றைக் கேட்பது சாட்சியை அவமதிப்பதல்ல. அவரது ளப்தைச் சோதிப்பதுதான்.