டிப்ளமோவுக்கு மேல் ஒரு பட்டம்: சால்ட் லேக் காட்டும் வழி

கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில், சதுப்பு நிலத்தில் ஹூக்ளி ஆற்று வண்டலை நிரப்பி மேடாக்கி எழுப்பிய நகரம் சால்ட் லேக். மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராயின் திட்டம் என்பதால், அரசு ஏடுகளில் அதன் பெயர் பிதான்நகர். இங்குள்ள செக்டர் ஃபைவ் பகுதியில் டி.சி.எஸ்., விப்ரோ, காக்னிசன்ட் என்று ஐ.டி. அலுவலகங்கள் வரிசையாக நிற்கின்றன.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஜே.டி. பிளாக்கில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப வளாகம். எல்.பி. பிளாக்கில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வளாகம். விகாஸ் பவனில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையம். வேலையும் படிப்பும் இவ்வளவு பக்கத்தில் அமைந்த ஊர்கள் நம் நாட்டில் குறைவு. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ‘இதோடு நின்றுவிடுவதா?’ என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் கற்க நிறைய இருக்கிறது.

இரண்டாம் ஆண்டுக்கு நேரடியாக

கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவர் மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மேற்கு வங்கத்தில் அவர்களுக்காக ‘ஜெலெட்’ நுழைவுத்தேர்வு நடக்கிறது. அதை நடத்தும் மாநில நுழைவுத்தேர்வு வாரியத்தின் அலுவலகமும் சால்ட் லேக்கில்தான். தேறியவர்கள் பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, மூன்றே ஆண்டுகளில் பட்டம் பெறலாம். தமிழ்நாட்டில் இதற்கு நுழைவுத்தேர்வு கிடையாது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வில் இடம் கிடைக்கிறது.

பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மூன்றாண்டு பி.டெக். படிப்பைக் கல்கத்தா பல்கலைக்கழகம் நெடுங்காலம் நடத்தியது. இலங்கையில் ‘எச்.என்.டி.’ என்ற உயர் டிப்ளமோ முடித்த தமிழ் மாணவர்கள் பலர், ஓராண்டு ‘டாப்-அப்’ படித்துப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகப் பட்டம் வாங்குகிறார்கள். படித்ததை வீணாக்காமல் அதன்மேல் கட்டுவதே இவை அனைத்துக்கும் அடிப்படை.

எதைக் கூடுதலாகப் படிக்கிறோம்?

டேட்டாபேஸில் ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தேடி எடுக்கும் கட்டளையை டிப்ளமோ மாணவர் நன்றாகவே எழுதுவார். ஆனால், பத்து லட்சம் பெயர்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து லட்சம் ஒப்பீடுகள்வரை ஆகலாம். அகர வரிசையில் அடுக்கி, நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடினால் இருபது ஒப்பீடுகளே போதும். பெயர்கள் ஒரு கோடியானாலும் இருபத்துநான்கைத் தாண்டாது. இது ஏன் என்று விளக்குவதுதான் பட்டப்படிப்பு. அல்காரிதம், டிஸ்கிரீட் கணிதம், கம்பைலர், ஆபரேட்டிங் சிஸ்டம் ஆகிய பாடங்களின் வேலை அதுவே.

நேரடி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் தடுமாறுவதும் இங்குதான். முதலாம் ஆண்டுக் கணிதத்தைப் படிக்காமலேயே அவர்கள் மூன்றாம் செமஸ்டருக்குள் நுழைகிறார்கள். லேப் தேர்வில் முந்துபவர், கணக்குத் தாளில் அரியர் வைக்கிறார். சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையில் கணங்கள், தர்க்கம், கிராஃப் ஆகிய மூன்றையும் படித்துவிட்டுப் போவது பெரும் பலம். என்.பி.டி.இ.எல். பாட வீடியோக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வேலையை விடாமல்

எல்லோராலும் மூன்றாண்டு சம்பளத்தைத் துறக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு இக்னோவின் பி.சி.ஏ. இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகளில் முடிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பில் டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிப்படியாக ஏறலாம்; எந்தப் படியிலும் சான்றிதழோடு வெளியேறலாம். பணியில் இருப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் பொறியியல் வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) 2023-இல் அனுமதி அளித்தது. தமிழ்நாட்டிலோ பகுதி நேர பி.இ. பல காலமாகவே இருக்கிறது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் மாலை வகுப்புகளில் டிப்ளமோ படித்த தொழிலாளர்கள் எத்தனையோ பேர் பொறியாளர் ஆகியிருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன்

‘ஒரே ஆண்டில் வெளிநாட்டுப் பட்டம்’ என்ற விளம்பரங்களைப் பார்த்துக் கடன் வாங்கும் குடும்பங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அனுமதி பெறாத வெளிநாட்டுக் கூட்டுப் படிப்புகளின் பட்டங்கள் செல்லாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2023 டிசம்பரிலேயே எச்சரித்தது. அத்தகைய பட்டம் அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் உதவாது.

எனவே பெற்றோரும் மாணவர்களும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். பட்டம் வழங்கப்போவது எந்தப் பல்கலைக்கழகம்? அதற்கு யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் உண்டா? டிப்ளமோவில் படிக்காத எந்தப் பாடங்களை அங்கே கற்பிக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குத் திருப்தியான பதில் தராத படிப்பு, ஒப்புதல் பெற்றதாகவே இருந்தாலும் உங்கள் உழைப்புக்குத் தகுதியானது அல்ல.