அட்டை இருவர் கையில், கடன் யார் தலையில்?

பங்காளி, தம்பி, மருமகன் என்று நம்பிக்கையானவர்களுக்கு நமது கடனட்டைக் கணக்கிலேயே மேலதிக அட்டை ஒன்றை எடுத்துக் கொடுப்பது வர்த்தகர்களிடையே சாதாரணமான விடயம். சரக்கு எடுக்கவும் விமானச் சீட்டு வாங்கவும் அது வசதிதான். ஆனால், அதில் ஏறும் கடனுக்குச் சட்டப்படி யார் பொறுப்பு என்று விண்ணப்பத்தில் ஒப்பமிடும்போது கேட்பவர்கள் குறைவு.

கணக்கு விடயமாக என்னிடம் வரும் பலர், அட்டையில் யாருடைய பெயர் உள்ளதோ அவரே கட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. மேலதிக அட்டைக்குத் தனிக் கணக்கு கிடையாது. அதன் செலவு முழுவதும் பிரதான அட்டைதாரரின் கணக்கிலேயே விழும்.

புறக்கோட்டைப் புடவை வியாபாரி ஒருவர் தன் மச்சானுக்கு இப்படி அட்டை கொடுத்திருந்தார். வியாபாரம் பிரிந்தபோது, அவரவர் செலவை அவரவர் கட்டுவதாக வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டார்கள். மச்சான் கட்டவில்லை. வங்கியின் கடிதம் இவருக்கே வந்தது. "நானா, ஒரு சதத்துக்கும் அந்தக் கார்டை நான் பாவிக்கல்லையே" என்றார். உண்மைதான். ஆனால் வங்கியோடு ஒப்பந்தம் செய்தவர் அவர். அவர்கள் இருவருக்கிடையிலான பேச்சு வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கிக்குச் செலுத்திவிட்டு மச்சானிடம் கேட்கலாம். அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

அட்டையைப் பெற்றவரும் கவனிக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வாசகம் உண்டு. ஆளுக்குப் பாதி என்பதல்ல இதன் பொருள். முழுத் தொகையையும் இருவரில் எவரிடமும் வங்கி கோரலாம் என்பதே பொருள்.

பாதிப்பு அத்துடன் முடியாது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்தில், அதாவது நாம் 'கிரிப்' என்று சொல்லும் இடத்தில், நிலுவை பதிவானால் நாளை வியாபாரக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பிரதான அட்டைதாரர் மரணித்தாலும் கடன் மறையாது. வாரிசுகள் சொத்தைப் பங்கிடுமுன் அதைத் தீர்க்க வேண்டும்.

எனவே, மேலதிக அட்டைக்குத் தனியான செலவு எல்லை வைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். மாதக் கூற்றை வரிவரியாகப் பாருங்கள். உறவோ பங்கோ பிரியும் அன்றே அட்டையை இரத்துச் செய்யுமாறு எழுத்தில் அறிவித்து, கடிதம் கிடைத்ததற்கான ஒப்பத்தைப் பெறுங்கள். அட்டையை வெட்டி எறிவதால் மட்டும் கணக்கு மூடப்படாது.