கூரை போட்டால் போதுமா?

சென்ற மாதம் படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு விவாதத் தலைப்பைக் கொடுத்தேன். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் இருக்கும் திறந்தவெளி அரங்கத்தை விட்டுவிட்டு, புறநகரில் முழுவதும் கூரை மூடிய புதிய காற்பந்து அரங்கம் கட்டுவது சரியா, தவறா? பின்வரிசையிலிருந்து உடனே ஒரு குரல் வந்தது: "சார், இது பணத்தைப் பற்றிய சண்டை. இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?"

நல்ல கேள்வி. அறிவியல் அந்தக் கூரையில் இருக்கிறது. பார்ப்போம், வாருங்கள்.

சிக்கல் என்ன?

கிளீவ்லாண்ட், ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரியின் தென்கரையில் உள்ள நகரம். அங்குள்ள பிரவுன்ஸ் குழு ஆடுவது நம் காற்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து. 1999இல் திறக்கப்பட்ட அக்குழுவின் அரங்கம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. கூரை இல்லாததால், குளிர்காலத்தில் ஏரிக்காற்றையும் பனிப்பொழிவையும் தாங்கிக்கொண்டுதான் ரசிகர்கள் அமர வேண்டும்.

2024இல் குழுவின் உரிமையாளர்கள் ஒரு புதிய திட்டத்தை முன்வைத்தார்கள். புரூக் பார்க் என்ற புறநகரில், முன்பு ஃபோர்டு கார் தொழிற்சாலை இருந்த நிலத்தில், ஏறக்குறைய 67,500 இருக்கைகளும் ஒளி ஊடுருவும் கூரையும் கொண்ட அரங்கம். மதிப்பிட்ட செலவு 2.4 பில்லியன் டாலர். அதில் பாதி பொதுப்பணத்திலிருந்து வர வேண்டும் என்பது தொடக்கத் திட்டம். 2025இல் ஒஹாயோ மாநிலம் 600 மில்லியன் டாலரை ஒதுக்கியது. மக்கள் உரிமை கோராமல் விட்டுவிட்ட பணத்திலிருந்து அத்தொகை எடுக்கப்படுவதால், வழக்கும் தொடரப்பட்டது.

ஆதரிப்போர் சொல்வது இது: ஒரு குழு தன் சொந்த அரங்கத்தில் ஓராண்டில் ஏறக்குறைய 10 ஆட்டங்களே ஆடுகிறது. கூரை இருந்தால் மற்ற நாள்களில் இசை நிகழ்ச்சிகளையும் பெரிய போட்டிகளையும் நடத்தலாம். எதிர்ப்போரோ, அந்த நிகழ்ச்சிகள் போய்விட்டால் நகர மையத்தில் உள்ள உணவகங்களும் கடைகளும் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். அரங்கங்களுக்குக் கொடுக்கும் பொதுப்பணம் உள்ளூர் வளர்ச்சியாகத் திரும்பி வருவது அரிது என்று பல பொருளியலாளர்களும் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள்.

இரு தரப்புக்கும் நடுவில் நிற்பது கூரை. அதனிடம் நான்கு கேள்விகள் கேட்போம்.

1. எவ்வளவு எடையைத் தாங்க வேண்டும்?

ஒரு கணக்குப் போடுவோம். கூரையின் பரப்பளவு 40,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 20 செண்டிமீட்டர் புதுப்பனி விழுகிறது. புதுப்பனியின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகிராம் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் 20 கிலோகிராம் இருக்கும். மொத்தம் 800 டன். அதே உயரத்துக்கு விழுவது அடர்த்தி 300 கொண்ட ஈரப்பனியாக இருந்தால் 2,400 டன்.

இது வெறும் பாடநூல் கணக்கு அன்று. மினியாபொலிஸ் நகரின் மெட்ரோடோம் அரங்கக் கூரை, மின்விசிறிகள் உண்டாக்கும் காற்றழுத்தத்தால் தாங்கப்பட்ட துணிக் கூரை. 2010 டிசம்பர் 12ஆம் நாள், ஏறக்குறைய 43 செண்டிமீட்டர் பனி பொழிந்த பிறகு அது கிழிந்து, பனி உள்ளே கொட்டியது. நடக்கவிருந்த ஆட்டம் டெட்ராய்ட் நகருக்கு மாற்றப்பட்டது. அதே இடத்தில் 2016இல் திறக்கப்பட்ட புதிய அரங்கத்துக்குச் செங்குத்தான சரிவுக் கூரை அமைத்தார்கள், பனி வழுக்கி விழட்டும் என்று.

2. புல்லுக்கு ஒளி கிடைக்குமா?

1965இல் ஹியூஸ்டன் நகரில் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில் ஒளி ஊடுருவும் கூரையும் இயற்கைப் புல்லும் இருந்தன. ஆனால் கூரையின் கண்கூசும் ஒளியில் பேஸ்பால் வீரர்களால் மேலே பறக்கும் பந்தைப் பார்க்க முடியவில்லை. கூரைக்கு வண்ணம் பூசினார்கள். கண்கூச்சம் குறைந்தது, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒளியும் குறைந்தது. புல் செத்துப்போனது. 1966இல் செயற்கைப் புல் விரித்தார்கள்.

நம் பக்கத்து வீட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2014இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசிய அரங்கத்தின் குவிமாடம் 310 மீட்டர் அகலம் கொண்டது. திறந்த முதல் ஆண்டிலேயே அங்குப் புல் சரியாக வளராமல் மணல் தெரிந்தது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில், புல்லுக்கு விளக்கு வைக்க வேண்டியதாயிற்று!

3. வெப்பம் எங்கே போகும்?

அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 67,500 பேர் என்றால் 6.75 மெகாவாட். 2 கிலோவாட் மின்கெத்தல்கள் 3,375ஐ ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். ஜனவரிக் குளிரில் இந்த வெப்பம் உதவியாக இருக்கும். ஆகஸ்டு மாதத்தில் இதையும், கூரை வழியாக வரும் சூரிய வெப்பத்தையும் குளிரூட்டிகள் வெளியேற்ற வேண்டும். கூரை கட்டும் செலவு ஒருமுறைதான். மின்கட்டணம் ஒவ்வொரு மாதமும் வரும்.

4. எவ்வளவு உயரம் போகலாம்?

புரூக் பார்க் நிலத்தின் அருகிலேயே கிளீவ்லாண்ட் விமான நிலையம் இருக்கிறது. உயரமான கட்டடம் விமானங்களுக்கு இடையூறாகலாம். அதனால் ஆடுகளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 24 மீட்டர் ஆழத்தில் அமைக்கத் திட்டமிட்டார்கள். மேலே போக முடியாவிட்டால் கீழே போகலாம்தான். ஆனால் தோண்டிய மண்ணை அள்ள வேண்டும். பள்ளத்தில் சேரும் நீரை இறைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஓர் ஆரஞ்சுப் பழத்தின் பாதித் தோலைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பில் நான்கு இடங்களில் சிறு வெட்டுப் போட்டு, உச்சியை விரலால் மெதுவாக அழுத்துங்கள். விளிம்பு வெளிப்புறமாக விரியும். இப்போது விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டு மீண்டும் அழுத்துங்கள். விரிவது குறையும். குவிமாடத்தின் எடை கீழ்நோக்கி மட்டும் போவதில்லை. அடியில் வெளிப்புறமாகவும் தள்ளும். அந்தத் தள்ளுவிசையை அடக்கும் வளையம்தான் குவிமாடத்தின் உயிர்.

கூரை விழுந்த கதை நமக்கும் உண்டு. 2008இல் திறக்கப்பட்ட கோலத் திரெங்கானு சுல்தான் மிசான் ஜைனல் அபிடின் அரங்கத்தின் கூரையில் ஒரு பகுதி, 2009 ஜூன் 2ஆம் நாள் இடிந்து விழுந்தது. அது குவிமாடம் அன்று, பனியும் இல்லை. வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் குறைகள் இருந்ததாகப் பின்னர் விசாரணை சுட்டிக்காட்டியது. நல்ல வேளையாக அப்போது அங்கு ஆட்டம் எதுவும் நடக்கவில்லை.

அறிவியல் சொல்லாத விடை

எங்கள் வகுப்பு விவாதத்தில் இந்த நான்கு கேள்விகளையும் இரு தரப்பினரும் பயன்படுத்தினார்கள். அதுவரை பேசாமல் இருந்த ஒரு மாணவி இறுதியில் எழுந்து கேட்டாள்: "கூரையால் எத்தனை நிகழ்ச்சிகள் கூடுதலாக வரும் என்று கணக்கிட்டவர்கள் யார், சார்? கட்ட விரும்புகிறவர்களா? அந்தக் கணக்கு தவறினால் மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள்?"

வகுப்பு அமைதியானது. எனக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை.

கூரை நிற்குமா, புல் வளருமா, எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதை அறிவியல் சொல்லும். ஏரிக்கரையில் ஆட்டம் பார்க்கும் பழக்கத்துக்கு என்ன மதிப்பு, பொதுப்பணம் அரங்கத்துக்கா பள்ளிக்கூடத்துக்கா என்பதை மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் முதல் வகைக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் இரண்டாவது வகையில் முடிவெடுத்தால், விளம்பரப் படத்தைப் பார்த்து வீடு வாங்கியது போலாகிவிடும்.

கிளீவ்லாண்ட் நகரம் பழைய அரங்கத்தைப் புதுப்பிக்க 461 மில்லியன் டாலர் வரை தருவதாகச் சொல்லிப் பார்த்தது, வழக்காடியும் பார்த்தது. 2025 அக்டோபரில், குழுவிடமிருந்து 100 மில்லியன் டாலர் பெறும் உடன்பாட்டுக்கு வந்து தன் எதிர்ப்பைக் கைவிட்டது. புதிய அரங்கத்தை 2029இல் திறப்பது குழுவின் இலக்கு.

மாணவர்களே, நாளை உங்கள் ஊரிலும் நகராண்மைக் கழகம் ஒரு பெரிய கட்டடத்துக்கான அறிவிப்புப் பலகையை நடலாம். அதிலுள்ள அழகான படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எடை, ஒளி, வெப்பம், உயரம் என்ற நான்கையும் கேளுங்கள். ஐந்தாவதாக, அந்த மாணவி கேட்ட கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள்.