மூலிகையும் விரதமும்

செடி கொடிகளைத் தெய்வமாகப் பாவித்து, அவற்றின் சாற்றைச் சடங்கு முறையில் பருகி, அதனால் உள்ளத்தின் பிணி தீரும் என்று கருதும் வழக்கம் அண்மைக் காலத்தில் மேனாட்டாரிடையே பெரிதும் பரவியிருக்கிறது. அமேசான் வனங்களில் வாழும் பழங்குடியினர் ஒரு கொடியையும் வேறொரு செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சும் ‘அயாவாஸ்கா’ என்னும் பானத்தை நாடி அன்னவர் தென்னமெரிக்கா செல்கின்றனர். பெரு தேசத்துச் சர்க்கார் அப்பானத்தைச் சார்ந்த பழங்குடி மரபைத் தம் நாட்டுப் பண்பாட்டுச் செல்வமாக 2008-ஆம் வருஷத்தில் அறிவித்தனர். நம் வாலிபர் சிலரும் இதைப் பற்றி மிக்க ஆவலோடு விசாரிக்கின்றனர். ஆவல் கொள்வதில் குற்றமில்லை. ஆனால் காஞ்சியிலும் ஏனாத்தூரிலும் இருந்துகொண்டு இவ்விஷயத்தை ஆராய்பவர்கள், முதலில் தம் வீட்டு வாயிலில் செருகியிருக்கும் வேப்பிலைக் கொத்தைக் கவனிப்பது நலம்.

காஞ்சியில் ஏகாம்பரநாதருக்கு மாமரமே தல விருட்சம். அதன் நான்கு கிளைகளும் நான்கு வேதங்கள் என்பதும், அவற்றின் கனிகள் நான்கு சுவையுடையன என்பதும் ஊரார் நம்பிக்கை. வரதராஜர் கோயிலில் அத்திமரத்தாலான பெருமாள் நாற்பதாண்டுக்கு ஒருமுறை குளத்தினின்றும் வெளிப்பட்டு, 1979-க்குப் பின் 2019-இல் 48 நாள் காட்சி தந்தார். மண்டலம் என்னும் அக்கணக்கே நம் வைத்தியர்கள் மருந்துக்கும் பத்தியத்துக்கும் பெரும்பாலும் விதிக்கும் கணக்காகும். இவற்றினும் நம் விஷயத்துக்கு நெருங்கியது சுரஹரேசுவரர் ஆலயம். சோழர் காலத்ததாகிய அக்கோயிலில் சிவபெருமான் சுரத்தைத் தீர்ப்பவராகவே எழுந்தருளியிருக்கிறார். சுரதேவருக்கு மிளகு ரசமும் சோறும் நிவேதனம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் பல தலங்களில் உண்டு. சுரம் கண்டவனுக்கு எது ஆகுமோ அதுவே தெய்வத்துக்கும் படைக்கப்படுகிறது. நோயாளியின் பத்தியத்தைத் தேவரும் உடனிருந்து உண்கிறார்! (மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து வரதருக்கு நிவேதிக்கும் இட்டிலியைப் பற்றியும் இவ்விடத்தில் எழுத ஆசைதான். அது தனிக் கட்டுரைக்குரியது.) இங்கே மயக்கமுமில்லை, மாயக் காட்சியுமில்லை. நோயாளி தனித்து விடப்படவில்லை என்ற உறுதி மாத்திரம் அவனுக்குக் கிடைக்கிறது.

அம்மை கண்ட வீட்டிலோ இச்சடங்கு முழு உருவம் கொள்கிறது. வாயிலில் வேப்பிலை செருகினால் அயலார் உள்ளே வாரார். நோயாளியை வேப்பிலைமேல் கிடத்தி, அவ்விலையாலேயே விசிறுவர். வீட்டில் தாளிப்பு நிற்கும். குறித்த நாளில் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவர். தொற்றுநோய்க்குத் தனிமையும், நோயாளிக்கு ஓய்வும், பணிவிடை செய்வோருக்குக் கட்டுப்பாடும் சட்டம் எதுவுமின்றி நிலைபெற்ற ஏற்பாடு இது. எனினும் வைசூரியை ஒழித்தது அம்மை குத்துதலேயன்றி வேப்பிலையன்று என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1975-இல் அந்நோய் ஓய்ந்தது. 1980-இல் உலகினின்றே நீங்கியதென அறிவிக்கப்பட்டது. இன்று நாம் காண்பது பெரும்பாலும் சின்னம்மை. அதுவும் வயது வந்தோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் சுவாசப்பையைத் தாக்கி உயிருக்கு ஆபத்தாகக் கூடும். மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்று அஞ்சி டாக்டரை வாயிலிலேயே நிறுத்துவது பக்தியாகாது. எந்தத் தாய் தன் குழந்தைக்கு மருந்து கொடுத்தவனைக் கோபிப்பாள்?

வைதிக மரபிலும் ஒரு பாடம் இருக்கிறது. ரிக் வேதம் போற்றும் சோமம் இன்ன செடியென்று இன்றைக்கும் முடிவாகவில்லை. அது ஒருவகை நச்சுக்காளான் என்று 1968-இல் வாஸன் என்னும் அமெரிக்கர் வாதித்தார், பலர் மறுத்தனர். செடி மறைந்தபின் வேள்வி நின்றுவிடவில்லை. பிரதிநிதியாக வேறு கொடியை வைத்துக்கொண்டு யாகத்தை நடத்தினர். 1975-இல் கேரளத்துப் பாஞ்சாளில் நடந்த அக்னிசயனத்திலும் அவ்வாறே நடந்தது. போதையே பயனாயிருந்தால் சோமம் போனவுடன் யாகமும் போயிருக்க வேண்டாமா? நின்றது விரதம், தீக்ஷை, உணவுக் கட்டுப்பாடு, கூடியிருப்போரின் சிரத்தை.

மேனாட்டுப் பானத்தை இங்கு வரவழைக்க விரும்புவோர் அமெரிக்கத் தீர்ப்புகளை எடுத்துக்காட்டுவர். சிவப்பிந்தியரின் ‘பேயோட்டி’க் கள்ளியை உண்டமைக்காக வேலையிழந்த இருவருக்கு உதவித்தொகை மறுத்தது செல்லும் என்று அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டு 1990-இல் தீர்ப்பளித்தது. 1994-இல் சட்டசபை அவ்வினத்தாரின் சடங்குக்குத் தனிப் பாதுகாப்பு அளித்தது. 2006-இல், பிரேசிலில் தோன்றிய ஒரு சபையின் பானத்தைத் தடுக்கப் போதிய காரணம் காட்டப்படவில்லை என்று அதே கோர்ட்டு கூறிற்று. இவற்றுள் பின்னிரண்டும் சபையாரின் வழிபாட்டைக் காத்தனவேயன்றி, பணம் பெற்று அந்நியனுக்குக் குவளை நீட்டும் வியாபாரத்தையன்று. நம் அரசியல் சட்டத்தின் 25-ஆவது ஷரத்து மத சுதந்திரத்தைச் சுகாதாரத்துக்கு உட்படுத்தியே அளிக்கிறது. அப்பானத்தின் வீரியப்பொருளோ 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. மனச்சோர்வுக்கு மருந்துண்போர் அதைப் பருகினால் உயிருக்கே மோசம் வரலாம். வாலிபர்கள் இவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

மனநோய்க்குச் சடங்கால் பயனே இல்லையென்று நாம் சொல்லவில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளைப் பரிசீலித்து, டாக்டர் ரகுராமும் அவரது கூட்டாளிகளும் 2002-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினர். அங்கே மருந்தில்லை; மூலிகைப் பானமுமில்லை. கோயிலில் எளிய பணிகளைச் செய்துகொண்டு, உறவினர் ஒருவருடன் சராசரி ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறிகள் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது பங்கு குறைந்தன. ஆனால் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்து மாண்டதை எவ்வாறு மறப்பது? அவர்களையும் நம்பிக்கையே அவ்வூருக்குக் கொண்டுவந்தது. சங்கிலியிடுவதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் விலக்கியிருக்கிறது. உறவினர் பக்கத்திலிருந்த இடத்தில் நோயாளி தேறினான். கட்டிப்போட்டு விட்டுச்சென்ற இடத்தில் கரிந்தான்.

ஏனாத்தூரில் 1993 முதல் சர்வகலாசாலை அந்தஸ்துடன் விளங்கும் விசுவ மகாவித்யாலயம் சம்ஸ்கிருதம் போதிப்பதோடு ஆயுர்வேதக் கல்லூரியையும் உடையது. சுற்றுக் கிராமங்களில் எந்தச் சடங்கில் எந்த இலை எவ்வளவு நாள் எப்படிக் கொடுக்கப்படுகிறது, எந்த நோய்க்கு அது பயன்படவில்லை என்பவற்றைப் பூசாரிகளையும் பாட்டிமாரையும் கேட்டு எழுதிவைக்கும் பணியை அது மேற்கொள்ளலாம். வேப்பெண்ணெய் பூஞ்சையைக் கொல்லும் என்பதைத் தம் கண்டுபிடிப்பாக்கி ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அத்தேசத்து விவசாய இலாகாவும் பெற்ற ஐரோப்பியப் பேடெண்டு, முந்தைய வழக்கத்துக்குச் சாட்சியம் காட்டிய பின்னரே 2000-இல் ரத்தாகி, 2005-இல் அப்பீலிலும் தோற்றது. பாட்டிமார் காலஞ்சென்ற பின் சாட்சிக்கு யாரை அழைப்பது?

அம்மை கண்ட வீட்டுக்கு வேப்பிலையோடு டாக்டரும் வரலாம் என்று பூசாரியின் வாயாலேயே சொல்லுவிக்க, ஜில்லா சுகாதார அதிகாரிகள் அம்மன் கோயில் தர்மகர்த்தாக்களை வரும் ஆடி மாதத்துக்கு முன் கலந்து ஏற்பாடு செய்வார்களென எதிர்பார்க்கிறோம்.