மழைக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு ஆடிட்: ஒழுகல் யார் செலவு, வெள்ளம் யார் செலவு?



2015 டிசம்பர். நாங்க முடிச்சூர்ல கிரவுண்ட் ஃப்ளோர்ல வாடகைக்கு இருந்தோம். ஒரே ராத்திரியில இடுப்பளவு தண்ணி. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், அப்பாவோட பைக் எல்லாம் போச்சு. நான் அப்போ சி.ஏ. ஃபைனலுக்குப் படிச்சிட்டிருந்தேன். ஊர்க் கணக்கெல்லாம் பார்த்த எனக்கு, வீட்டுப் பொருளுக்கு ஒரு பாலிசி எடுக்கணும்னு தோணல. "வாடகை வீட்டுக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?"னு இருந்துட்டோம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் இருக்கும். அதனால செப்டம்பர்லயே இந்த ஆடிட்டை முடிச்சிடுங்க. ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஒண்ணுதான்: மெதுவா வர்ற சேதத்துக்குப் பராமரிப்பு, திடீர்னு வர்ற சேதத்துக்கு இன்சூரன்ஸ்.

1. பராமரிப்பு

மொட்டை மாடியில தண்ணி போற குழாயில இலை, குப்பை அடைச்சிருந்தா எடுத்துடுங்க. விரிசல் இருந்தா வாட்டர்ப்ரூஃபிங்கை இப்பவே பண்ணுங்க. ஈரத் தளத்துல அது சரியா ஒட்டாது. ஷாக் அடிக்காம காப்பாத்துற ஆர்.சி.சி.பி. மெயின் போர்டுல இருந்தா, அதோட டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க. உடனே டிரிப் ஆகணும். ஆகலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

2. வாடகை வீடுன்னா யார் செலவு?

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, கட்டடப் பழுது, வயரிங், குழாய் மாத்துறதெல்லாம் பொதுவா ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், ஸ்விட்ச் மாதிரி சின்ன வேலைகள் உங்களோடது. அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருக்கான்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. ஒழுகலை ஃபோட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. எழுத்துல இருக்கறதுதான் பின்னாடி பேசும்.

3. இன்சூரன்ஸ்

'பாரத் கிருஹ ரக்ஷா'ன்னு ஒரு பொதுவான பாலிசி 2021 ஏப்ரல்ல இருந்து இருக்கு. புயல், வெள்ளம் ரெண்டுக்கும் கவர் உண்டு. வாடகைக்கு இருக்கறவங்க வீட்டுப் பொருளுக்கு மட்டும்கூட எடுக்கலாம். ஆனா நாள்பட்ட தேய்மானத்துக்கு க்ளைம் கிடையாது.

எவ்வளவுக்கு எடுக்கறது? எல்லாத்தையும் மறுபடி வாங்கினா என்ன ஆகும்னு கூட்டுங்க. உதாரணத்துக்கு ஃப்ரிட்ஜ் 25,000, வாஷிங் மெஷின் 20,000, டிவி 30,000, லேப்டாப் 50,000, கட்டில் மெத்தை 25,000. மொத்தம் 1,50,000 ரூபாய்! பில்லையும், வீட்டைச் சுத்தி எடுத்த ஒரு வீடியோவையும் கிளவுட்ல போட்டு வைங்க. க்ளைம் நேரத்துல அதுதான் ஆதாரம்.

பைக், காருக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. இன்ஜினுக்குள்ள தண்ணி போனா, அதுக்குத் தனி ஆட்-ஆன் இல்லாம க்ளைம் கஷ்டம்.

4. டாக்ஸ்ல கழிக்கலாமா?

நீங்க குடியிருக்கற சொந்த வீட்டு ரிப்பேர் பில்லைக் கழிக்க முடியாது. வாடகைக்கு விட்ட வீடுன்னா, சொத்து வரி போக மீதி வாடகையில 30% தானா கழியும். நீங்க ரிப்பேருக்குச் செலவு பண்ணாலும் பண்ணலைனாலும் அதேதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. முதல்ல மொட்டை மாடிக்கு ஏறுங்க. இறங்கி வந்ததும் அந்த லிஸ்ட்டைப் போட்டுக் கூட்டுங்க. அந்த வருஷம் எங்க வீட்டுல யாரும் போடாத லிஸ்ட் அது.